காரில் பிளேஸ்டேஷன் 2: ஆக்ஸ் வயர் மாட்டினதும் ஸ்பீக்கர்ல "வீங்ங்" சத்தம்

கன்னங்குறிச்சி கார்
வெள்ளி, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு மாசமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சுட்டு வழி சொல்லுங்க.

வீட்டுக்காரம்மாவுக்கு ஏற்காட்டுல வேலை. வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் பசங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு மேலே போவேன், ஞாயித்துக்கிழமை ராத்திரி இறங்குவோம். வாராவாரம் இதுதான். போற வழியில பசங்க விளையாட, அண்ணன் கொடுத்த பழைய பிளேஸ்டேஷன் 2 ஸ்லிம் வீடியோ கேம் பெட்டியை கார்ல வச்சிருக்கேன். ஹெட்போன் போட்டா முடிஞ்சுதேன்னு கேப்பீங்க. பெரியவனுக்குக் காதுல ஆபரேஷன் ஆகியிருக்கு. காதுக்குள்ள எதையும் வைக்கக் கூடாது, மேலே அமுத்தவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால சத்தம் கார் ஸ்பீக்கர்லதான் வந்தாகணும்.

இப்போ வயரிங் எப்படின்னா, முன்னாடி லைட்டர் சாக்கெட்ல 150 வாட் இன்வெர்ட்டர். அதுல கேமோட அடாப்டர். முன் சீட்டுக்குப் பின்னாடி 7 இன்ச் ஸ்கிரீன், அது 12 வோல்ட்லயே ஓடும், டிக்கிகிட்ட இருக்கிற சாக்கெட்ல சொருகியிருக்கேன். படத்துக்கான மஞ்சள் பின் ஸ்கிரீனுக்கு. சத்தத்துக்கான சிவப்பும் வெள்ளையும் ஆக்ஸ் வயரா மாறி டேஷ்போர்டுல இருக்கிற பாட்டு செட்டுக்கு.

ரெண்டு சத்தம் வருது. ஒண்ணு, இன்வெர்ட்டர் ஆன் பண்ணதும் "கர்ர்ர்"னு ஒரே சீரா. வண்டி ஓடினாலும் நின்னாலும் அதே அளவு. இன்னொண்ணு, எஞ்சின் ஸ்டார்ட் பண்ணதும் "வீங்ங்"னு, ஆக்ஸிலேட்டரை அமுத்த அமுத்த ஏறும். அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே, ஒவ்வொண்ணுலயும் செகண்டு கியர் போட்டு ஏத்துறப்ப அந்த சத்தம் பல்லு கூசற அளவுக்குப் போகுது. மேலே பனி இறங்கி லைட் போட்டா இன்னும் கூடுது. பென் டிரைவ்ல பாட்டு போட்டா துளி சத்தம் இல்லை.

ஒரு கடையில காட்டினேன். செட்டு போயிடுச்சு, புதுசு மாத்தணும், 9,000 ஆகும்னாங்க. பாட்டு சுத்தமா வரும்போது செட்டு எப்படிப் போயிருக்கும்னு எனக்கு மனசு ஒப்பல.

—

வாழப்பாடி மைக்செட்
வெள்ளி, இரவு 11.05

தம்பி, செட்டை மாத்தாதீங்க. இது எர்த் தகராறு. கோயில் திருவிழாவுல ஜெனரேட்டர்ல மிக்ஸரும் இன்னொரு லைன்ல ஆம்பும் ஓடினா இதே ஹம்மிங் வரும். நாங்க என்ன பண்ணுவோம்னா ஆடியோ வயர்ல ஒரு பக்கம் மட்டும் ஸ்லீவை, அதான் வெளியே சுத்தியிருக்கிற கம்பியை, வெட்டி விட்டுடுவோம். சத்தம் அப்படியே நின்னுடும். ஆக்ஸ் வயர்ல செட்டு பக்கம் இருக்கிற பின்னைப் பிரிச்சு, வெளிக்கம்பியை மட்டும் கழட்டிப் பாருங்க.

—

ஸ்லிம் 70000
வெள்ளி, இரவு 11.30

ரெண்டு சத்தத்துக்கும் ரெண்டு காரணம், போட்டுக் குழப்பிக்காதீங்க.

"கர்ர்ர்" இன்வெர்ட்டரோடது. விலை குறைஞ்ச இன்வெர்ட்டர் வீட்டுக் கரன்ட் மாதிரி வளைஞ்சு ஏறி இறங்குற அலையைத் தராது, படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டித் தரும். 50 ஹெர்ட்ஸோட 150, 250, 350னு மேல மேல இருக்கிறதும் சேர்ந்து வரும். அடாப்டருக்குள்ள கரன்ட் உள்ளே வர்ற பக்கத்துக்கும் வெளியே போற பக்கத்துக்கும் நடுவுல ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். அது வழியா அந்த வெட்டு முனையெல்லாம் கசிஞ்சு கேமோட பாடிக்கு வந்துடும், அங்கிருந்து ஆக்ஸ் வயருக்கு.

உங்க மாடல்ல அடாப்டர் வெளியே இருக்கிறது நல்ல விஷயம். 2004ல வந்த முதல் ஸ்லிம்ல இருந்து இப்படித்தான், கடைசியா வந்த 90000 வரிசையிலதான் பவர் சப்ளையை உள்ளே வச்சுட்டாங்க. அடாப்டர் மேல எழுதியிருக்கிறதைப் பாருங்க, 8.5 வோல்ட்னு இருக்கும். கார்ல 12 வோல்ட் கையில இருக்கும்போது அதை 230 ஆக்கி மறுபடி 8.5 ஆக்குறது எதுக்கு? நேரா 12ல இருந்து 8.5க்கு இறக்குற ஒரு பக் கன்வெர்ட்டர் போர்டு போட்டா இன்வெர்ட்டரே வேண்டாம்.

—

அஞ்சுரோடு வயரிங்
சனி, காலை 6.50

யாரும் எதையும் வாங்கச் சொல்லாதீங்க, அவர் ஏற்கெனவே ஒரு மாசம் அலைஞ்சிருக்கார்.

நான் வண்டி வயரிங் வேலைதான் பாக்கறேன். சத்தம் எங்கே உள்ளே நுழையுதுன்னு தெரியாம பொருள் வாங்கினா காசுதான் போகும். நீங்க எழுதினதுல ஒரு வரி எனக்கு முக்கியமா படுது: லைட் போட்டா சத்தம் கூடுது. டைனமோ வேகம் மாறாம லைட்டுக்கு மட்டும் சத்தம் கூடுதுன்னா, எங்கேயோ பாடி எர்த்துல கரன்ட் அதிகமா ஓடுது.

இப்படிப் பண்ணுங்க. எஞ்சினை ஓடவிட்டு, செட்டை ஆக்ஸ்ல வச்சு, சவுண்டை வழக்கமா வைக்கிற அளவுல வைங்க. அப்புறம் ஒவ்வொண்ணா பிடுங்குங்க. ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும். பிடுங்கினதைத் திரும்ப மாட்டிட்டுத்தான் அடுத்தது. முதல்ல இன்வெர்ட்டரை சாக்கெட்ல இருந்து. அடுத்து ஸ்கிரீனோட பவர். அடுத்து மஞ்சள் பின். கடைசியா ஆக்ஸை கேம் பக்கம். ஒவ்வொரு தடவையும் எந்த சத்தம் போச்சு, எது இருக்குன்னு பேப்பர்ல எழுதுங்க. மனசுல வச்சுக்கிட்டா மறந்துடும்.

ஆக்ஸ் பின்னை சொருகி எடுக்கும்போது சவுண்டை சுத்தமா இறக்கிடுங்க. டப்புனு அடிச்சு ஸ்பீக்கர் கெட்டுப் போகலாம்.

—

கன்னங்குறிச்சி கார்
சனி, மாலை 5.15

அண்ணா, ஏரிக்கு மேலே பார்க்கிங்ல நிறுத்தி பெரியவனை நோட்டு எழுத வச்சு முழுசா பண்ணிட்டேன். அவன் எழுதினதை அப்படியே தர்றேன்.

எல்லாம் மாட்டியிருக்கு: கர்ர் இருக்கு, வீங் இருக்கு.
இன்வெர்ட்டர் பிடுங்கினது: கர்ர் போச்சு. வீங் அதே அளவு.
ஸ்கிரீன் பவர் பிடுங்கினது: வீங் போச்சு. கர்ர் இருக்கு.
மஞ்சள் பின் பிடுங்கினது: வீங் போச்சு. கர்ர் இருக்கு.
ஆக்ஸை கேம் பக்கம் பிடுங்கினது: ரெண்டும் போச்சு.

ரெண்டாவது வரியைப் பாருங்க. இன்வெர்ட்டர் இல்லை, கேமுக்குக் கரன்ட்டே இல்லை, அது செத்துக் கிடக்கு. ஆனாலும் அதுல இருந்து வர்ற வயர்ல வீங் வருது! மஞ்சள் பின் படத்துக்குப் போறது, அதைப் பிடுங்கினா ஸ்பீக்கர்ல சத்தம் நிக்குது. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஒரு மாசத்துல முதல் தடவையா எங்கேயோ கிட்ட வந்துட்ட மாதிரி இருக்கு.

மைக்செட் மாமா சொன்ன மாதிரி ஒரு பழைய ஆக்ஸ் வயர்ல ஸ்லீவை வெட்டியும் பார்த்தேன். சத்தம் மூணு பங்கு ஏறிடுச்சு. பசங்க காதைப் பொத்திக்கிட்டாங்க.

—

சூரமங்கலம் அக்கா
சனி, இரவு 8.30

நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். உங்கள் மகன் எழுதிய அந்த ஐந்து வரிகள் அருமை. என் மாணவர்கள் பலர் செய்முறைத் தேர்வில் இவ்வளவு ஒழுங்காக எழுதுவதில்லை, அவனிடம் சொல்லுங்கள்.

நடப்பது இதுதான். உங்கள் ஸ்கிரீனின் நெகட்டிவ், டிக்கிப் பக்கம் பாடியில் சேர்கிறது. செட்டின் நெகட்டிவ் டேஷ்போர்டுக்குப் பின்னால் பாடியில் சேர்கிறது. இரண்டும் ஒரே இரும்புதான் என்று நினைப்போம். ஆனால் அந்த இரும்பின் வழியாகத்தான் பின் விளக்கு, பெட்ரோல் டேங்கில் இருக்கும் பம்ப் என்று எல்லாவற்றின் கரன்ட்டும் பேட்டரிக்குத் திரும்புகிறது. கரன்ட் ஓடுகிற எந்தப் பாதையிலும் கொஞ்சம் வோல்ட் விழும். ஆகவே முன்பக்க எர்த்துக்கும் பின்பக்க எர்த்துக்கும் நடுவில் சில பத்து மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். விளக்குப் போட்டால் அது கூடும். நீங்கள் பனியில் கவனித்தது இதைத்தான்.

இப்போது மஞ்சள் வயரைப் பாருங்கள். அதன் வெளிக்கம்பி ஸ்கிரீனின் எர்த்தைக் கேமின் பாடியோடு இணைக்கிறது. ஆக்ஸின் வெளிக்கம்பி கேமின் பாடியைச் செட்டின் எர்த்தோடு இணைக்கிறது. பின்பக்க இரும்பில் தொடங்கி, ஸ்கிரீன், மஞ்சள் வயர், கேம், ஆக்ஸ் வயர், செட், முன்பக்க இரும்பு என்று ஒரு முழு வளையம் ஆகிவிட்டது. கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது இந்த வளையத்தில் ஒரு கம்பித்துண்டு, அவ்வளவுதான். அந்த மில்லிவோல்ட் வித்தியாசம் வளையத்தில் கரன்ட்டை ஓட்டுகிறது. ஆக்ஸின் வெளிக்கம்பியில் அது விடுகிற சிறு வோல்ட்டைச் செட்டு பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடுகிறது. ஒரே ஒரு மில்லிவோல்ட் சேர்ந்தாலும், ஒரு வோல்ட் சிக்னலுக்கு 60 டெசிபல் கீழே. மூடிய காருக்குள், விளையாட்டில் சத்தம் அடங்குகிற நொடிகளில், அது காதில் விழும்.

அது ஏன் வீங் என்று கீச்சென்று இருக்கிறது? ஆல்டர்னேட்டர் (மேலே டைனமோ என்று சொன்னது இதைத்தான்) மூன்று ஃபேஸ் மின்சாரம் செய்து, ஆறு டயோடு வைத்து நேராக்குகிறது. மின் அலையின் ஒரு சுற்றுக்கு ஆறு மேடு வரும். 12 துருவம் உள்ள ஆல்டர்னேட்டர், புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஐடிலில் 800 சுற்று என்றால் ஆல்டர்னேட்டர் 2,000 சுற்று. நிமிடத்துக்கு 2,000 என்பதை 60ஆல் வகுத்து ஆறு ஜோடித் துருவத்தால் பெருக்கினால் 200 ஹெர்ட்ஸ். அதை ஆறு மேட்டால் பெருக்கினால் 1,200 ஹெர்ட்ஸ். கொண்டை ஊசி வளைவில் செகண்டு கியரில் எஞ்சின் 2,400 தொட்டால் அதுவே 3,600 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கிற இடம் அதுதான். உங்களுக்குப் பல் கூசியதில் வியப்பே இல்லை.

—

சூரமங்கலம் அக்கா
சனி, இரவு 8.45

ஸ்லீவ் வெட்டியதும் சத்தம் ஏன் கூடியது என்று சொல்ல விட்டுப்போயிற்று. மைக்செட் ஐயா சொன்னது அவர் வேலையில் முழுக்கச் சரி. மைக் லைனில் மூன்று கம்பி. சிக்னல் உள்ளே இரண்டு கம்பியில் எதிரெதிராகப் போகும், ஸ்லீவ் வெறும் காவல். காவலை ஒரு பக்கம் கழற்றினாலும் சிக்னலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆக்ஸ் வயரில் ஸ்லீவ்தான் சிக்னலின் திரும்பும் பாதை. அதை வெட்டினால் சிக்னல் வேறு வழியில்லாமல் மஞ்சள் வயர், ஸ்கிரீன், கார் பாடி என்று சுற்றித் திரும்புகிறது. வித்தியாசத்தின் ஒரு துளிக்குப் பதில் முழு வித்தியாசமும் பாட்டோடு சேர்ந்துவிடுகிறது.

—

வாழப்பாடி மைக்செட்
சனி, இரவு 9.20

சரியாச் சொன்னீங்கம்மா. இப்போ யோசிச்சா எனக்கும் ஞாபகம் வருது. டேப் ரிக்கார்டர்ல இருந்து வர்ற ரெண்டு கம்பி வயர்ல ஸ்லீவை வெட்டினா கத்தும், அதுல நாங்க கை வைக்க மாட்டோம். அதுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் டப்பாதான் போடுவோம். இருபது வருஷமா கை பழகினதைக் காரணம் தெரியாமலே செஞ்சுட்டு இருந்திருக்கேன். தம்பி, வயர் வீணாப் போனதுக்கு மன்னிச்சுக்கங்க.

—

ஏற்காடு எஸ்டேட் ஜீப்
ஞாயிறு, காலை 7.10

அந்த டிரான்ஸ்பார்மர் டப்பாவைத்தான் நானும் சொல்ல வந்தேன். கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு கேட்டாக் கிடைக்கும், ரெண்டு பக்கமும் ஆக்ஸ் பின், முன்னூறு நானூறு ரூபாய்க்குள்ள. உள்ளே ஒண்ணுக்கு ஒண்ணு சுத்தின டிரான்ஸ்பார்மர் ரெண்டு. பாட்டு காந்தமாத் தாண்டிப் போகும், கம்பித் தொடர்பு இருக்காது, வளையம் அறுந்துடும். எங்க ஜீப்புல போன்ல சார்ஜர் போட்டு பாட்டு கேட்டா இதே வீங் வந்துட்டு இருந்தது. இதைப் போட்டேன், அன்னைக்கே நின்னுச்சு. எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

—

அஞ்சுரோடு வயரிங்
ஞாயிறு, காலை 8.00

ஜீப் அண்ணா, டப்பா வேலை செய்யும், இல்லைன்னு சொல்லல. ஆனா அது சத்தத்தைத் தடுக்கும், பின்னாடி எர்த்து கெட்டுப் போயிருந்தா அது அப்படியே கிடக்கும். லைட் போட்டா கூடுதுன்னு அவர் சொன்னதால எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கு. எர்த்து போல்ட் துரு ஏறினா இன்னைக்கு ஸ்பீக்கர்ல வீங், நாளைக்கு மழையில பின் லைட்டு மங்கும், பம்ப்புக்கு வோல்ட் குறையும். மலை ரோடு ஓட்டுற வண்டி. சத்தம் வந்ததாலதான் தெரிஞ்சிருக்கு, இப்போ மூடிட்டா எப்போ தெரியும்?

கன்னங்குறிச்சி அண்ணா, ஒரு மல்டிமீட்டர் எடுத்து மில்லிவோல்ட்ல வைங்க. ஒரு முனை டிக்கி சாக்கெட்டோட நெகட்டிவ்ல, இன்னொண்ணு செட்டோட பாடியில. நீள வயர் ஒண்ணு வேணும். எஞ்சின் ஓட, லைட் இல்லாம ஒண்ணு, லைட் போட்டு ஒண்ணு. அப்படியே மீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு பேட்டரி மேலயும் ஒரு தடவை பாருங்க. 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருந்தா டைனமோ நல்லா இருக்கு. 0.5 தாண்டினா டயோடு ஒண்ணு போயிருக்கலாம், அப்போ கதையே வேற.

—

கன்னங்குறிச்சி கார்
திங்கள், இரவு 9.50

மூக்கனேரி கரையில நிறுத்திப் பார்த்தேன், வீட்டு வாசல்ல எஞ்சினை ரொம்ப நேரம் ஓடவிட்டா பக்கத்துல தொந்தரவு.

பேட்டரி ஏசி: 0.04. டைனமோ தப்பிச்சுது.
எர்த்து வித்தியாசம், லைட் இல்லாம: 48 மில்லிவோல்ட்.
லைட் போட்டு: 110.

டிக்கி ஓரத்துல பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா பாடியில ஒரு போல்ட், அதுல நாலு கருப்பு வயர் சேர்ந்து வருது. போல்ட்டைச் சுத்தி வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போயிருந்தது. மேலே பனி, கீழே மழை, டிக்கி ரப்பர் வேற கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, தண்ணி இறங்கியிருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு, போல்ட்டை எடுத்து, அடியில பளபளன்னு இரும்பு தெரியற வரைக்கும் உப்புத்தாள் போட்டு, வயர் முனையையும் தேய்ச்சு, பல்லு வச்ச வாஷர் போட்டு இறுக்கினேன். மேலே கிரீஸ் கொஞ்சம் தடவி மூடினேன்.

இப்போ லைட் இல்லாம 9, லைட் போட்டு 17. வீங் சத்தம் கால் பங்குக்கு வந்துடுச்சு. லைட் போட்டா கூடுறது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பின் லைட்டு முன்னைக்கு இப்போ வெளிச்சம் அதிகம், இது நான் எதிர்பார்க்காதது. அண்ணா, கும்பிடறேன்.

—

அஞ்சுரோடு வயரிங்
திங்கள், இரவு 10.15

ரப்பரை மாத்திடுங்க, இல்லைன்னா அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். மீதி கால் பங்குக்கு ஸ்கிரீனை டிக்கி சாக்கெட்ல இருந்து எடுத்துட்டு முன்னாடி கொண்டு வாங்க. செட்டோட நெகட்டிவ் எந்த இடத்துல பாடியில சேருதோ அதே போல்ட்ல ஸ்கிரீனோட நெகட்டிவையும் போடுங்க. ரெண்டும் ஒரே இடத்துல நின்னா நடுவுல வித்தியாசம் எப்படி வரும்?

—

ஸ்லிம் 70000
செவ்வாய், காலை 7.30

அப்படியே கர்ர் சத்தத்துக்கு என் கன்வெர்ட்டரையும் சேர்த்துடுங்க.

—

சூரமங்கலம் அக்கா
செவ்வாய், காலை 8.10

சேர்க்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. அந்த பக் கன்வெர்ட்டர் போர்டில் உள்ளே வருகிற நெகட்டிவும் வெளியே போகிற நெகட்டிவும் ஒரே கம்பி. இன்வெர்ட்டரும் அடாப்டரும் இருந்தவரை கேமின் பாடி காரோடு நேராக ஒட்டாமல் இருந்தது. கன்வெர்ட்டர் போட்டதும் கேமுக்கே ஒரு எர்த் வந்துவிடும். அதை வேறு எங்காவது லைட்டர் சாக்கெட்டில் எடுத்தால், கர்ர் போய் வீங் திரும்பி வரும். பலர் இங்கேதான் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள். கன்வெர்ட்டரின் நெகட்டிவும் அதே போல்ட்டுக்கு வரட்டும். செட்டு, ஸ்கிரீன், கேம் மூன்றுக்கும் ஒரே காலூன்றும் இடம்.

—

ஸ்லிம் 70000
செவ்வாய், காலை 8.40

ஒத்துக்கறேன். அந்த விஷயம் நான் யோசிக்கல, என் வண்டியில ஸ்பீக்கரோட வர்ற ஸ்கிரீன், செட்டுக்கு வயரே போகாது. அதனாலதான் எனக்குத் தொல்லை வரல.

கன்வெர்ட்டர் போடறவங்க கவனிக்க: அடாப்டர்ல 5.65 ஆம்பியர்னு போட்டிருக்கும், விளையாடும்போது அவ்வளவு இழுக்காது, ஆனா போர்டு 8 ஆம்பியர் தாங்குறதா வாங்குங்க. "8 ஆம்பியர்"னு எழுதி விக்கிற குட்டி போர்டு பாதிக்கே கொதிக்கும், அலுமினியத் தகடு வச்சது எடுங்க. கேமை மாட்டுறதுக்கு முன்னாடி எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வச்சு 8.5 வருதான்னு திருகி செட் பண்ணுங்க. எஞ்சின் நின்னா பேட்டரி 12.6, ஓடினா 14 கிட்ட, ரெண்டுலயும் வெளியே 8.5 அசையாம நிக்கணும். பிளஸ் மைனஸ் மாறிச்சுன்னா கேம் போயிடும், அடாப்டர் பின்னைப் பார்த்து ரெண்டு தடவை சரி பார்த்துக்கங்க. பேட்டரி பக்கம் 7.5 ஆம்பியர் ஃப்யூஸ் கட்டாயம்.

—

ஏற்காடு எஸ்டேட் ஜீப்
செவ்வாய், இரவு 9.00

வயர் விஷயத்துல நான் பேசறதுக்கில்லை, போல்ட்டைப் பார்த்து நானும் என் ஜீப்புல பின்னாடி கழட்டிப் பார்க்கப் போறேன். வேற ஒண்ணு சொல்றேன். இந்த மலையில தினம் ஏறி இறங்குறவன். ஸ்கிரீன் வெளிச்சம் ரியர்வியூ கண்ணாடியில அடிக்காம வைங்க, பனியில அது ரொம்ப ஆபத்து. வயரை ஹேண்ட்பிரேக் பக்கம் விடாதீங்க. டிஸ்க் ஓடுற கேம், வளைவுல குலுங்கினா லென்ஸ் கோடு போடும், அடியில ரெண்டு இன்ச் ஸ்பாஞ்சு வச்சுக் கட்டுங்க. வயித்தைப் பிரட்டுற பசங்களுக்கு அடிவாரத்துல நிறுத்திட்டு, மேலே போய்த்தான் மறுபடி கையில கொடுக்கணும். ஜன்னலைத் திறந்து காத்து வாங்கட்டும்.

—

அம்மாபேட்டை 2டி
புதன், காலை 10.20

நடுவுல கேக்கறேன். புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு போட்டா வயரே வேண்டாமே?

—

சூரமங்கலம் அக்கா
புதன், மதியம் 1.15

பாட்டுக்கு நல்லது. விளையாட்டுக்குச் சாதாரண புளூடூத்தில் சத்தம் கால் வினாடி வரை பிந்தும். பந்தை அடித்த பிறகு அடித்த சத்தம் வந்தால் குழந்தைகளுக்கு உடனே தெரிந்துவிடும். எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரில் தாமதம் இல்லை, ஆனால் சேலத்தில் காலியாக இருக்கிற இடத்தில் மலை ஏறியதும் வேறு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். வளைவுக்கு வளைவு மாற்றிக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது.

—

கன்னங்குறிச்சி கார்
வெள்ளி, இரவு 9.30

ஏற்காட்டுல இருந்து எழுதறேன்.

செவ்வாய், புதன் ரெண்டு நாள் சாயங்காலமும் வேலை பார்த்தேன். டேஷ்போர்டுக்கு அடியில செட்டோட கருப்பு வயர் சேர்ற போல்ட்டைத் தேடறதுக்கே ஒரு மணி நேரம் ஆச்சு. அதுல இருந்து ஒண்ணரை ஸ்கொயர் எம்.எம். கருப்பு வயர் ஒண்ணு, பேட்டரியில இருந்து ஃப்யூஸ் போட்ட சிவப்பு வயர் ஒண்ணு, ரெண்டையும் முறுக்கி மேட்டுக்கு அடியில சீட்டுக்குக் கொண்டு போனேன். சிவப்புல ஒரு சுவிட்சும் வச்சிருக்கேன், சாவி எடுத்ததும் மறக்காம அமுத்தணும். ஸ்கிரீனும் கன்வெர்ட்டரும் அங்கேயே எடுக்குது. இன்வெர்ட்டரை வீட்டுல வச்சுட்டேன்.

புதன் ராத்திரி மீட்டர் வச்சேன். செட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் நடுவுல 1 மில்லிவோல்ட், லைட் போட்டாலும் அதே. ஆனா ஒண்ணு, முதல்ல ஸ்டார்ட் பண்ணப்ப வீங் மறுபடி லேசா வந்தது, நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. பார்த்தா ஸ்கிரீனோட பழைய பிளக் டிக்கி சாக்கெட்லயும் சொருகியே இருந்தது. அக்கா சொன்ன வளையத்தை நானே மறுபடி போட்டு வச்சிருந்தேன். பிடுங்கினேன், நின்னுடுச்சு.

இன்னைக்கு அஞ்சு மணிக்குக் கோரிமேடு தாண்டினோம். ஜீப் அண்ணா சொன்ன மாதிரி அடிவாரத்துல கேமை நிறுத்திட்டு, செட்டு மட்டும் ஆக்ஸ்லயே சவுண்டு ஏத்தி வச்சேன். வளைவு வளைவா கேட்டுக்கிட்டே ஏறினேன். பதினாலாவது வளைவுல பனி, லைட் போட்டேன். ஒண்ணுமில்லை. காது கிட்ட வச்சா ஸ்பீக்கர்ல "ஸ்ஸ்"னு மூச்சு மாதிரி ஒண்ணு, அது பென் டிரைவ்லயும் இருக்கிறதுதான்.

மேலே வந்து பசங்ககிட்ட கொடுத்தேன். பெரியவன் காட்டுக்குள்ள நடக்கிற ஒரு கட்டத்துல நின்னுட்டு, "அப்பா, இதுல தண்ணி ஓடுற சத்தம் இருக்கு"ன்னான். இத்தனை மாசமா அந்தக் கட்டத்தை விளையாடறான்.

—

வாழப்பாடி மைக்செட்
வெள்ளி, இரவு 10.00

தம்பி, படிக்கும்போது மனசு நிறைஞ்சுது. அந்த வெட்டின ஆக்ஸ் வயரைத் தூக்கிப் போடாதீங்க, அடுத்த வாரம் சேலம் வர்றேன், புதுப் பின் வச்சு ஈயம் பத்தித் தர்றேன்.

—

அஞ்சுரோடு வயரிங்
வெள்ளி, இரவு 10.10

டிக்கி ரப்பர் மாத்தினீங்களா?

—

கன்னங்குறிச்சி கார்
வெள்ளி, இரவு 10.25

இன்னும் இல்லைண்ணா. ஞாயித்துக்கிழமை ராத்திரி இறங்கிடுவோம், திங்கக்கிழமை முதல் வேலை அதுதான்.